கியூட்டில் முதல் விண்டோ, புறக்கோட்டைக் கடை மேசை வரை

கொழும்பு, புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத்தெருவில் ஒரு துணிக்கடை என்று வையுங்கள். காசு மேசையில் விண்டோஸ் கம்ப்யூட்டர், மேல்மாடி ஸ்டோரில் உபுண்டு போட்ட பழைய லேப்டாப், முதலாளியின் மகனிடம் மேக்புக். மூன்றிலும் ஒரே பில் புரோகிராம் ஓட வேண்டும். இன்டர்நெட் அறுந்தாலும் நிற்கக் கூடாது. பில் தமிழில் வர வேண்டும். இந்த மாதிரி வேலைக்குப் பைதனும், விண்டோவும் பட்டனும் வரையும் கியூட் என்ற நூலகமும் நல்ல ஜோடி. பைதனில் ஃபங்ஷனும் கிளாஸும் எழுதத் தெரிந்தவர் இந்தப் பதிவை வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

கியூட் அடிப்படையில் சி பிளஸ் பிளஸ் நூலகம். நோர்வேயில் பிறந்தது, 1995இல் வெளியே வந்தது. விஎல்சி பிளேயர், விர்ச்சுவல்பாக்ஸ், டெலிகிராமின் டெஸ்க்டாப் பதிப்பு எல்லாம் இதில் எழுதியவைதான். பைதனிலிருந்து அதைப் பயன்படுத்த பைசைட்6, பைகியூட்6 என்று இரண்டு வழி உண்டு. இரண்டிலும் கோட் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், லைசன்ஸ்தான் வேறு. பைகியூட் ஜிபிஎல் (விற்றால் மூலக்கோடையும் கொடுக்க வேண்டிய திறந்த உரிமம்), அல்லது காசு கொடுத்து வாங்கும் உரிமம். பைசைட் அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லில் கிடைக்கிறது. அதன் நிபந்தனைகளைக் கடைப்பிடித்தால் மூலக்கோடைக் கொடுக்காமலும் விற்கலாம். கடைக்கு விற்கப்போகிறவர் பைசைட்டோடு போவது நல்லது. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மாத விற்பனைக்கு வரைபடம் போடலாமே என்று கியூட் சார்ட்ஸ் மொட்யூலை எடுத்தால், அது எல்ஜிபிஎல் அல்ல, ஜிபிஎல். வரைபடத்துக்கு வேறு வழி பாருங்கள்.

வெப் பக்கம் எழுதும் முறையிலேயே டெஸ்க்டாப் புரோகிராம் எழுத உதவும் எலக்ட்ரான் ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். வெப் தெரிந்தவருக்கு அது சுலபம்தான், ஆனால் ஒவ்வொரு புரோகிராமும் குரோமியம் என்ற ஒரு முழு பிரவுசரைச் சுமந்துகொண்டு வரும். 4 ஜிபி ரேம் உள்ள கடை மெஷினில் அது தெரியும். பைதனோடு சும்மா வரும் டிகேஇன்டர் என்ற விண்டோ நூலகம் சின்ன வேலைக்குப் போதும். ஆனால் லினக்ஸில் அதன் பல பதிப்புகள் தமிழைக் கோர்த்துக் காட்டாது, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்கும். கியூட் உள்ளே ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக் கோர்ப்பு எஞ்சினைப் பயன்படுத்துவதால் அந்தத் தலைவலி இல்லை.

கோட் எழுதுமுன் கடைக்குப் போய் ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். அந்த மெஷினில் என்ன விண்டோஸ்? கியூட் 6 ஓட விண்டோஸ் 10இன் 1809 பதிப்பாவது வேண்டும், அதுவும் 64 பிட். விண்டோஸ் 7 என்றால் கியூட் 5.15தான் கதி, பைதனும் 3.8க்கு மேல் ஏறாது. இரண்டுமே பழசாகிப்போனவை. மூன்று மாதம் எழுதிய பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட, முதல் நாளே முதலாளியிடம் சொல்லி பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு செக்கன்ஹேண்ட் மெஷின் எடுக்க வைப்பது மலிவு.

இனி நிறுவுதல். விண்டோஸில் பைதன் இன்ஸ்டாலரின் முதல் திரையில், கீழே, பைதனைப் பாத்தில் (கமாண்டுகளை மெஷின் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதை டிக் பண்ணாமல் விட்டால், கமாண்ட் விண்டோவில் பைதன் என்று அடிக்கும்போது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொண்டு நிற்கும். பிறகு புரோஜெக்ட் ஃபோல்டருக்குள் ஒரு வெர்ச்சுவல் என்விரோன்மென்ட் (அந்தப் புரோஜெக்ட்டுக்கு மட்டுமான தனிப் பைதன் இடம்) உருவாக்குங்கள். பவர்ஷெல்லில் அதை ஆக்டிவேட் பண்ணும்போது ஸ்கிரிப்ட் ஓட அனுமதி இல்லை என்று சிவப்பில் கத்தினால், பழைய கமாண்ட் பிராம்ப்டில் செய்யுங்கள், சத்தமில்லாமல் வேலை செய்யும். உபுண்டுவில் வெர்ச்சுவல் என்விரோன்மென்ட் இல்லாமல் பைதன் பேக்கேஜ்களை இறக்கும் கருவியான பிப்பை நேரே அடித்தால், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் பைதன் என்று மறுத்துவிடும். அதைத் திணித்து உடைக்கும் ஆப்ஷனைத் தேடிப் போகாதீர்கள். பைதன்3-வென்வ் பேக்கேஜைப் போட்டுவிட்டு முறையாகச் செய்யுங்கள்.

பிப்பில் வெறும் பைசைட்6 என்று கேட்டால் எசென்ஷியல்ஸ், ஆடொன்ஸ் என்ற இரண்டு மூட்டையும் இறங்கும். ஆடொன்ஸில் முழு வெப் எஞ்சினும் இருக்கிறது. பில் புரோகிராமுக்கு அது தேவையே இல்லை. பைசைட்6-எசென்ஷியல்ஸ் என்று மட்டும் கேளுங்கள். விட்ஜெட்டுகள் (பட்டன், லேபிள் போன்ற திரைத் துண்டுகள்), பிரிண்டிங், மொழிபெயர்ப்புக் கருவிகள், டிசைனர் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். போனில் ஹொட்ஸ்பொட் போட்டு டவுன்லோட் பண்ணுகிறவருக்கு நூறு எம்பிக்குக் குறையாமல் மிச்சம். பொருத்தமான பதிப்பு கிடைக்கவில்லை என்று பிப் சொன்னால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: உங்களிடம் இருப்பது 32 பிட் பைதன், அல்லது போன வாரம்தான் வெளிவந்த புத்தம்புதுப் பைதன். ஒரு படி பழைய 64 பிட் பதிப்பைப் போட்டால் சரி.

முதல் புரோகிராமுக்கு எட்டு வரி போதும். முதலில் கியூ-அப்ளிகேஷன் பொருள் ஒன்று. அதற்கு முன்னால் எந்த விட்ஜெட்டையும் உருவாக்கக் கூடாது, உருவாக்கினால் புரோகிராம் அப்படியே விழும். பிறகு ஒரு மெயின் விண்டோ, அதன் நடுவில் ஒரு லேபிள், ஷோ, கடைசியில் எக்செக். எக்செக் என்பதுதான் ஓடிக்கொண்டே இருக்கும் சுற்று. மவுஸ், கீபோர்ட், திரையை மறுபடி வரைதல் எல்லாவற்றையும் வரிசையில் எடுத்துக் கவனிப்பது அது. விண்டோ ஒரு கணம் மின்னிவிட்டு மறைந்தால், அதை ஒரு ஃபங்ஷனுக்குள் சாதாரண மாறியில் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். ஃபங்ஷன் முடிந்ததும் பைதன் அதைக் குப்பையில் போட்டுவிடும். செல்ஃபோடு ஒட்டி வையுங்கள்.

இந்த வெறும் விண்டோ வந்ததும் அடுத்த பட்டனை எழுதப் போகாதீர்கள். இதை இப்படியே பொதி பண்ணி, அதாவது பைதன் இல்லாத மெஷினிலும் ஓடும்படி ஒன்றாகக் கட்டி, கடை மெஷினில் திறந்து பாருங்கள். பலரும் இதைக் கடைசிக்கு வைப்பார்கள், கடைசியில்தான் எல்லாப் பூதமும் ஒன்றாகக் கிளம்பும். எட்டு வரிப் புரோகிராம் அங்கே ஓடவில்லை என்றால் பிழை உங்கள் கோடில் இல்லை என்று நிச்சயமாகத் தெரியும். எட்டாயிரம் வரி ஆன பிறகு அந்த நிச்சயம் கிடைக்காது.

பொதி பண்ண பைஇன்ஸ்டாலர். அது ஓடும் மெஷினுக்கு மட்டும்தான் பொதி செய்யும். விண்டோஸ் பொதி விண்டோஸில், மேக் பொதி மேக்கில், லினக்ஸ் பொதி லினக்ஸில். ஒரே கோட் மூன்றிலும் ஓடும் என்பதற்கு ஒரே பொதி மூன்றிலும் ஓடும் என்று அர்த்தமில்லை. லினக்ஸ் பொதியை நீங்கள் ஆதரிக்கப்போகும் மிகப் பழைய உபுண்டுவில் செய்யுங்கள். புதியதில் செய்தது பழையதில் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் பதிப்பு போதாது என்று நிற்கும். மேக்கில் கையொப்பமில்லாத புரோகிராமை அந்த மெஷினே தடுக்கும். ஆப்பிளின் டெவலப்பர் கணக்குக்கு வருடம் 99 டொலர். முதலாளியின் மகன் ஒருவருக்காக என்றால் அவருடைய மெஷினில் செட்டிங்ஸில் போய் ஒருமுறை அனுமதி கொடுத்தால் போதும்.

பைஇன்ஸ்டாலரில் ஒற்றை ஃபைல், ஃபோல்டர் என்று இரண்டு முறை. ஒற்றை ஃபைல் பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் தன்னைத் தற்காலிக ஃபோல்டரில் விரித்துக்கொள்ளும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அதற்கே நேரம் போகும், போதாக்குறைக்கு அன்டிவைரஸும் அதைக் கண்டு அடிக்கடி சந்தேகப்படும். ஃபோல்டர் முறையே மேல். அதில் நடக்கும் தவறு ஒன்று: எக்ஸ்இ ஃபைலை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோவது. பைஇன்ஸ்டாலர் 6 முதல் மற்ற எல்லாம் பக்கத்திலுள்ள இன்டர்னல் என்ற ஃபோல்டரில் இருக்கும். அது இல்லாமல் பைதன் டிஎல்எல் கிடைக்கவில்லை என்ற செய்திதான் வரும். முழு ஃபோல்டரையும் கொண்டுபோங்கள்.

மேல்மாடி உபுண்டு லேப்டாப்பில் எக்ஸ்சிபி (லினக்ஸில் விண்டோவைத் திரையில் காட்டும் பகுதி) பிளக்இன் இருக்கிறது ஆனால் ஏற்ற முடியவில்லை என்ற செய்தி வந்தால் பதற வேண்டாம். கியூட் 6.5 முதல் லிப்எக்ஸ்சிபி-கர்சர்0 என்ற பேக்கேஜ் தேவை, பல மெஷின்களில் அது இருப்பதில்லை. உபுண்டுவின் பேக்கேஜ் கருவியான ஆப்ட்டில் போட்டால் முடிந்தது.

கறுப்பு கமாண்ட் விண்டோ வராமலிருக்க விண்டோட் ஆப்ஷன் கொடுப்பீர்கள். அதைக் கொடுத்த பிறகு பிழைச் செய்திகள் போக இடமில்லை. பைசைட்டில் ஒரு பட்டனின் ஃபங்ஷனுக்குள் பிழை வந்தால் புரோகிராம் விழாது, பிழையை எழுதிவிட்டுத் தொடரும். எழுதும் இடம் இல்லாதபோது கடைக்காரர் காண்பது, அழுத்தினால் ஒன்றும் நடக்காத பட்டன். ஆகவே முதல் நாளே பிடிபடாத பிழைகள் போய்ச் சேரும் இடமான சிஸ் மொட்யூலின் எக்ஸ்செப்ட்ஹூக்கில் உங்கள் ஃபங்ஷனை மாட்டி, பிழை முழுவதையும் தேதியோடு ஒரு லொக் ஃபைலில் எழுத வையுங்கள். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு போனில் கேட்டு மாட்டிக்கொண்டிருப்பதைவிட, அந்த ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது எவ்வளவோ மேல்.

பட்டன்கள் பற்றிக் கொஞ்சம்

கியூட்டில் ஒரு நிகழ்ச்சி நடந்தால் சிக்னல் கிளம்பும், அதைக் கேட்கும் ஃபங்ஷன் ஸ்லொட். இரண்டையும் கனெக்ட் இணைக்கும். புதியவர் எல்லாருமே ஒருமுறை செய்யும் தவறு, கனெக்ட்டுக்குள் ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போடுவது. போட்டால் பட்டனை அழுத்தும் முன்பே அது ஓடிவிடும், அழுத்தும்போது ஓடாது. பெயரை மட்டும் கொடுங்கள். இன்னொன்று நுணுக்கமானது. கிளிக்ட் சிக்னல் தன்னோடு உண்மை-பொய் மதிப்பு ஒன்றையும் அனுப்பும். சேமிக்கும் ஃபங்ஷனுக்கு, பிரதி அச்சிடவா என்ற அளவுருவை இயல்பாக உண்மை என்று வைத்திருப்பீர்கள். பட்டனிலிருந்து அழைக்கும்போது அதற்குள் பொய் வந்து உட்காரும், பிரதி அச்சாகாது. ஏன் என்று அரை நாள் தேடலாம்.

பார்கோட் ஸ்கேனர் கம்ப்யூட்டருக்கு இன்னொரு கீபோர்ட்தான். இலக்கங்களை அடித்துவிட்டுக் கடைசியில் என்டரும் அடிக்கும். டயலொக் விண்டோவில் உள்ள பட்டன்கள் என்டருக்கு இயல்பாகவே பதில் சொல்லும் வகையில் இருப்பதால், முதல் சாமானை ஸ்கேன் பண்ணியவுடன் பில் மூடிக்கொள்ளும். எல்லாப் பட்டனிலும் ஓட்டோ-டிஃபோல்ட்டை அணைத்துவிட்டு, எழுதும் பெட்டியின் ரிட்டர்ன்பிரெஸ்ட் சிக்னலைப் பிடியுங்கள். கீபோர்ட் தமிழில் இருக்கும்போது ஸ்கேன் பண்ணினால், எழுத்துக் கலந்த கோட் தமிழாக மாறி விழும் என்பதையும் காசாளருக்குச் சொல்லி வையுங்கள்.

மாதக் கணக்கு எடுக்கும் ஃபங்ஷன் 10 செக்கன் ஓடினால் அந்த 10 செக்கனும் விண்டோ உறையும், விண்டோஸ் அதன் தலைப்பில் பதிலளிக்கவில்லை என்று எழுதும், காசாளர் கோபத்தில் மூடிவிடுவார். அப்படிப்பட்ட வேலையைத் தனித் திரெட்டுக்கு (மெயின் வேலைக்குப் பக்கத்திலேயே ஓடும் இன்னொரு வேலைச்சரடு) அனுப்புங்கள். அங்கிருந்து எந்த விட்ஜெட்டையும் தொடக் கூடாது. முடிவைச் சிக்னலாக அனுப்பி, மெயின் திரெட்டில் வாங்கித்தான் திரையில் போட வேண்டும். நேரடியாகத் தொட்டால் உங்கள் மெஷினில் ஓடும், கடையில் எப்போதாவது, காரணம் தெரியாமல் விழும்.

தமிழ், நெருங்கிப் பார்த்தால்

"கொழும்பு" என்று எழுதிப் பைதனிடம் நீளம் கேளுங்கள். நம் கணக்கில் கொ, ழு, ம், பு என்று நான்கு எழுத்து. பைதன் 8 என்று சொல்லும், அது எண்ணுவது யுனிகோட் குறிகளை. சில சமயம் 9 என்றும் சொல்லும். கொ என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது, ஆனால் ஒப்பிட்டால் வேறு வேறு. ஒரு காசாளர் ஒரு கீபோர்டில் சேர்த்த வாடிக்கையாளரை இன்னொருவர் தேடினால் கிடைக்காததற்கு இதுதான் காரணம். பைதனின் யுனிகோட்டேட்டா மொட்யூலில் உள்ள நார்மலைஸை, என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும்) வடிவில், சேமிக்கும்போதும் தேடும்போதும் ஓட்டுங்கள். ஒரு வரி வேலை.

நீளமான பெயரை வெட்டும்போதும் அதே சங்கடம். கொழும்பில் முதல் ஐந்து குறியை எடுத்தால் "கொழும" என்று, மகரத்தின் புள்ளி பறந்துபோய் நிற்கும். எழுத்தை எண்ணி வெட்டாதீர்கள். எழுத்தின் அகலத்தை அளக்கும் கியூ-ஃபொன்ட்மெட்ரிக்ஸிடம் எலைடட்-டெக்ஸ்ட் கேட்டால், கொடுத்த அகலத்துக்குள் எழுத்துச் சிதையாமல் வெட்டிப் புள்ளியிட்டுத் தரும்.

பழைய வாடிக்கையாளர் பட்டியல் எக்செல்லில் தருவார்கள், பெரும்பாலும் யுனிகோடுக்கு முந்திய பாமினி ஃபொன்ட்டில் இருக்கும். பாமினியில் தெரிவது தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அங்கே அரைப்புள்ளிக் குறி. அதனால் அரைப்புள்ளியால் பிரித்த சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்து, மேற்கோள்குறியைப் பார்க்காமல் அரைப்புள்ளியில் வெட்டினால் ஒவ்வொரு மெய்யிலும் ஒரு புது நெடுவரிசை முளைக்கும். டாப் வைத்துப் பிரியுங்கள். மாற்றி எழுதும்போது பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், யுனிகோடில் பின்னால். கொ என்பது அங்கே கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டு. நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றி, ஒற்றை எழுத்துகளைக் கடைசியில் மாற்ற வேண்டும். மாறிச் செய்தால் கொம்பு எழுத்துக்கு முன்னாலேயே தனியாக நிற்கும்.

ஃபொன்ட்டை மெஷினிடம் எதிர்பார்க்காதீர்கள். நிர்மலா யூஐ விண்டோஸ் 8 முதல் இருக்கிறது, லினக்ஸில் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழைப் பொதியோடு சேருங்கள், அதன் ஓஎஃப்எல் உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது. கியூ-ஃபொன்ட்டேட்டாபேஸில் ஏற்றுவது அப்ளிகேஷன் பொருள் உருவான பிறகுதான். மைனஸ் 1 திரும்பி வந்தால் பெரும்பாலும் ஃபொன்ட் ஃபைல் இருக்கும் பாத் பிழை. எந்த விட்ஜெட்டுக்கும் உயரத்தைப் பிக்சலில் கட்டிப்போட வேண்டாம், உகரத்தின் வாலும் இகரத்தின் கொண்டையும் அறுபடும். லேஅவுட்டுகளிடம் விடுங்கள்.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும் என்றால் ஆரம்பத்திலேயே எல்லாச் சொற்களையும் மொழிபெயர்ப்புக்கான டிஆர் ஃபங்ஷனுக்குள் எழுதிப் பழகுங்கள். எல்அப்டேட் அவற்றைப் பொறுக்கும், லிங்குவிஸ்ட்டில் மொழிபெயர்ப்பீர்கள், எல்ரிலீஸ் அதைச் சுருக்கிக் கொடுக்கும். எஃப்-ஸ்ட்ரிங்கை டிஆருக்குள் போட்டால் மொழிபெயர்ப்பு வராது. டிரான்ஸ்லேட்டர் பொருளை விண்டோவை உருவாக்கும் முன்பே மாட்ட வேண்டும், குப்பைக்குப் போகாமல் பிடித்தும் வைக்க வேண்டும்.

பில்

80 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டரில் வழக்கமாக அச்சாகும் அகலம் 72 மில்லிமீட்டர். மில்லிமீட்டருக்கு 8 புள்ளி என்ற கணக்கில் 576 புள்ளி. 58 மில்லிமீட்டர் பேப்பரில் 384. இந்தப் பிரிண்டர்களின் உள்ளே இருக்கும் எழுத்துக்களில் தமிழைத் தேடாதீர்கள், நேரே எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறி மழைதான். கியூ-பெயின்டரால் படமாக வரைந்து, டிரைவர் வழியாகக் கியூ-பிரிண்டரில் அனுப்புங்கள். பக்க அளவைக் கொடுக்காமல் விட்டால் ஏ4 என்று எடுத்துக்கொண்டு, மூன்று வரிப் பில்லுக்கு ஒரு அடி வெற்றுப் பேப்பரைத் துப்பக்கூடும். சாமான்களின் எண்ணிக்கையிலிருந்து உயரத்தைக் கணக்கிட்டு, அகலம் 80 என்று தனி அளவு கொடுத்து, ஓரங்களைப் பூச்சியமாக்குங்கள்.

விலையை வலப்பக்கம் நேராக நிறுத்த இடைவெளிகளை எண்ணிப் போடும் பழக்கம் ஆங்கிலத்தில் சரிவரும். தமிழில் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு அகலம், வரிசை பாம்பாக நெளியும். ஃபொன்ட்மெட்ரிக்ஸிடம் விலையின் அகலத்தைக் கேட்டு, 576இலிருந்து கழித்து, அந்த இடத்தில் வரையுங்கள். தொகையை மிதவைப் புள்ளியில் (ஃப்ளோட்) வைக்காதீர்கள். எல்லாம் சதத்தில், முழு எண்ணாக. ரூபாயாக்குவது அச்சிடும்போது மட்டும்.

டேட்டாபேஸ், அதாவது பில்களைச் சேமிக்கும் எஸ்கியூலைட் ஃபைல், எங்கே இருக்க வேண்டும்? புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைத்தால் எழுத அனுமதி கிடைக்காது. ஒற்றை ஃபைல் பொதியில் கோடுக்குப் பக்கத்தில் வைத்தால் இன்னும் மோசம், தற்காலிக ஃபோல்டரோடு சேர்ந்து அன்றைய பில் அத்தனையும் மூடும்போது அழிந்துபோகும். கியூ-ஸ்டாண்டர்ட்பாத்ஸிடம் ஆப்டேட்டா இடத்தைக் கேளுங்கள். அது இடத்தைச் சொல்லும், ஃபோல்டரை உருவாக்காது, அதை நீங்கள்தான் உருவாக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன ஊர் இது. ஒவ்வொரு பில்லுக்கும் உடனே கமிட் போடுங்கள் (டிஸ்க்கில் நிரந்தரமாக எழுதச் சொல்வது), மாலைவரை மெமரியில் சேர்த்து வைக்க வேண்டாம். கமிட் முடிந்ததை எஸ்கியூலைட் காப்பாற்றும்.

ஆனால் அந்த எஸ்கியூலைட் ஃபைலை நெட்வொர்க் ஷேரில் வைத்து மேசை மெஷினும் மேல்மாடி லேப்டாப்பும் ஒரே நேரத்தில் எழுத விடாதீர்கள். ஷேர்களில் ஃபைல் பூட்டு நம்பகமாக வேலை செய்யாது, ஃபைல் பழுதாகும். இரண்டாவது மெஷின் எழுதத் தொடங்கும் நாளில் மேசை மெஷினில் போஸ்ட்கிரெஸ் அல்லது மரியாடிபி என்ற டேட்டாபேஸ் சேர்வரைப் போட்டு, அந்த மெஷினுக்கு ஒரு யுபிஎஸ்ஸும் வாங்க வையுங்கள்.